சோப்பு டாக்டரின் சுத்தமான மூக்கு

தெருவில் அவளுக்கு சோப்பு டாக்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிச் சொல்வதில்லை; முகத்துக்கு நேரே "டாக்டரம்மா"தான். ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை, பெயருக்கு முன்னால் பட்டம், ஆனால் ஒரு தலைவலிக்கு மாத்திரை சொல்ல மாட்டாள். பட்டம் வாங்கிய புதிதில் யாராவது காய்ச்சல் என்று வாசலில் போய் நின்றால், "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்பாள். பின்னே எந்த டாக்டர் என்று கேட்டுவிட்டால் போச்சு, உட்காரவைத்து விளக்க ஆரம்பித்துவிடுவாள். அவள் முடிப்பதற்குள் காய்ச்சலே சலித்துப்போய் இறங்கிவிடும் என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

சோப்பு எங்கிருந்து வந்தது என்றால், அவள் தினமும் வேலையிலிருந்து திரும்பி வரும் அழகைப் பார்க்க வேண்டும். கேட்டைத் திறந்ததும் நேரே மாடிப்படிக்குக் கீழே இருக்கும் வாஷ்பேசினுக்குப் போவாள். முழங்கை வரைக்கும் சோப்பு, முகத்துக்கு சோப்பு, நகக்கண்ணுக்குத் தனியாக ஒரு பிரஷ். ஆஸ்பத்திரி அழுக்கை மாடிக்கு ஏற்றக்கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினால் ஆணியில் துண்டு இருக்கும். துவைத்து மடித்த வெள்ளைத் துண்டு. துடைத்துக்கொண்டு மேலே போனால் மறுநாள் காலை வரை கதவு திறக்காது. இதை எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மாள் தினமும் பார்ப்பாள். அவள் பார்க்காமல் அந்தத் தெருவில் ஒரு காக்கா கூட மூக்கைத் துடைத்துக்கொள்ள முடியாது.

மாடியில் சோப்பு டாக்டர் தனியாக இருந்தாள். கீழே அவளுடைய அண்ணன் தனியாக இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அப்பா கட்டிய வீடு, ஒரே சுவர், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஆனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணி போன நாளிலிருந்து கிடையாது. பேசாமல் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது லேசில்லை; முக்கியமாகத் தண்ணீர் விஷயத்தில். மோட்டார் சுவிட்ச் மாடியில், தொட்டி நிரம்பி வழிந்தால் கொட்டுவது கீழே அண்ணனின் ஜன்னலில். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தண்ணீர் வழிய ஆரம்பித்ததும் கரண்டியை எடுத்துச் சுவரோடு போகும் இரும்புக் குழாயில் தட்டுவார். டக், டக். அவள் மேலே சுவிட்சை அணைப்பாள். அந்த வீட்டில் வருஷக்கணக்காக நடந்த ஒரே உரையாடல் அதுதான்.

என்ன சண்டை என்று எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் சண்டை நடந்தது எல்லோருக்கும் முன்னால். அண்ணிக்கு ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பித்தது; ரத்தத்தில் கிருமி ஏறி, ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, சொந்தக்காரர்கள் கூடி, யாரோ ஒரு அத்தை "நல்லாத்தானே இருந்தா, எப்படிப் போனா" என்று வாய்க்கு வந்ததைக் கேட்டபோது, மூலையில் நின்ற இவள் பதில் சொன்னாள். அழுதபடி கூட இல்லை, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள். "தும்மினா மாத்திரை, இருமினா மாத்திரைன்னு மெடிக்கல் ஷாப்புல கேட்டுக் கேட்டு வாங்கிக் குடுத்தாரே அண்ணன். அந்த மாத்திரைக்கெல்லாம் பழகின கிருமிதான் அண்ணியக் கொன்னுது." அண்ணன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அவள் அதன்பிறகு செய்ததெல்லாம் ஒரே வேலைதான். அதைத் தெரு பாஷையில் சொல்வதென்றால் இப்படி. டி.என்.ஏ. என்கிறார்களே, அப்பா மூக்கு மகளுக்கு வருவதற்குக் காரணமான சமாச்சாரம், அதையே ஆய்வுக்கூடத்தில் சின்னச் சின்ன ஒற்றை இழையாகச் செய்யலாம். கோடானுகோடி இழைகளைச் செய்து, சலித்துச் சலித்து, அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கியிருந்தாள். அது சும்மா சுருண்டு கிடக்கும். எத்தனை கிருமி பக்கத்தில் போனாலும் கண்டுகொள்ளாது. மருந்துக்கு அடங்காத அந்த ஒரு ஜாதிக் கிருமி கசியவிடும் பொருள் மட்டும் பட்டுவிட்டால், தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் எழுந்து, கத்தரிக்கோலாக மாறி, பக்கத்தில் கட்டி வைத்திருக்கும் கண்ணியை வெட்டும். ஒன்றை வெட்டிவிட்டு ஓய்ந்துவிடாது. தான் தேயாமல் அடுத்ததை வெட்டும், அதற்கடுத்ததை வெட்டும். ஒவ்வொரு கண்ணியிலும் அடைபட்டிருக்கும் சாயம் விடுபட்டு, நீல விளக்கில் பிடித்தால் சோதனைக் குழாய் பச்சையாக ஒளிரும். ஏறக்குறைய எதிர்வீட்டு அம்மாள் மாதிரிதான். ஆயிரம் பேர் போனாலும் பேசாமல் இருப்பாள், ஆகாத ஒருவர் தெருமுனையில் திரும்பினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

இதன் லாபம் நேரம். பழைய முறையில் புண்ணைத் துடைத்த பஞ்சைத் தட்டில் தடவி, கிருமி வளர்ந்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பதற்குள் நாட்கள் போய்விடும். அதுவரைக்கும் டாக்டர்கள் குத்துமதிப்பாக ஒரு மருந்தை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அண்ணி போனது அந்த நாட்களில்தான். குழாய் என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் சொல்லிவிடும்.

வெள்ளிக்கிழமை தலைமை டாக்டர் வந்து பார்ப்பதாக இருந்தது. குழாய் சரியாக வேலை செய்தால் வார்டுகளுக்குப் போகும். இல்லையென்றால் அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்; ஸ்கேன் பிரிவுக்காரர்கள் ஏற்கனவே வந்து மேஜைக்கும் ஜன்னலுக்கும் டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கு அந்த அறையை விட்டால் வேறென்ன இருக்கிறது, மாடியில் ஒரு கட்டிலும் ஒரு மோட்டார் சுவிட்சும்.

திங்கட்கிழமை வெற்றுக் குழாய் ஒளிர்ந்தது.

வெற்றுக் குழாய் என்பது ஒத்துப்பார்க்க வைக்கும் குழாய். நோயாளிகளின் பஞ்சோடு கூடவே, கிருமி இல்லாத ஒருவரின் மூக்கில் விட்ட பஞ்சையும் அதே மாதிரி சோதிக்க வேண்டும். அது இருட்டாகவே இருந்தால்தான் மற்றவற்றின் வெளிச்சத்தை நம்ப முடியும். இந்த ஜாதிக் கிருமி மூக்கின் வாசலில்தான் சத்தமில்லாமல் குடியிருக்கும் என்பதால் மூக்கு. யாருடைய மூக்கு என்று பார்த்தபோது ஆரம்பத்திலேயே சோப்பு டாக்டர் தன் மூக்கைக் கொடுத்துவிட்டாள். அவளைவிடச் சுத்தமான ஆள் யார்? ஒருமுறை தட்டில் தடவிப் பார்த்தார்கள், சுத்தம். அதோடு சரி. அதற்கப்புறம் தினமும் காலையில் அவளே பஞ்சுக் குச்சியை எடுத்துத் தன் மூக்கில் சுற்றிக் குழாயில் போட்டுவிடுவாள், மற்றவர்கள் சட்டைப்பையிலிருந்து பேனா எடுக்கிற மாதிரி. குழாயும் தினமும் இருட்டாக இருந்தது, திங்கட்கிழமை வரை.

அவள் தன்னைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். விரல் வியர்வையில் ஒரு பொருள் இருக்கிறது, அது பட்டாலும் கண்ணி அறுந்துவிடும், பொய் வெளிச்சம் வரும். கையுறையை மாற்றினாள். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுத்தாள். மேஜையை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் வார்னிஷ் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மறுபடியும் பச்சை. முந்தைய நாளைவிட நல்ல பச்சை.

அடுத்த அறையில் தட்டு டாக்டர் இருந்தாள். கிருமிகளைத் தட்டில் வளர்க்கும் பழைய முறைக்காரி. வாயும் அதே அளவு பழையது, கூர் மட்டும் மழுங்கவில்லை. கதவில் சாய்ந்து நின்று டீயை உறிஞ்சிக்கொண்டே வேடிக்கை பார்த்தாள்.

"என்ன, உன் கத்தரிக்கோலுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? ஆள் பாக்காம வெட்டுதே."

"வியர்வை பட்டிருக்கும்."

"உனக்கு வியர்வையெல்லாம் வருமா? சோப்பு நுரைதான் வரும்னு நெனச்சேன்." தட்டு டாக்டர் உள்ளே வந்து குழாயைத் தூக்கிப் பார்த்தாள். "ஊமை இழை போட்டுப் பாத்தியா?"

சோப்பு டாக்டர் மறுபடியும் மேஜையைத் துடைத்தாள். ஊமை இழை என்பது அதே இழைதான், ஒரே ஒரு எழுத்தை மாற்றி வெட்ட முடியாமல் செய்தது. வியர்வையோ அழுக்கோ காரணமென்றால் ஊமைக் குழாயிலும் கண்ணி அறுந்து வெளிச்சம் வரும். உண்மையிலேயே கிருமி என்றால் ஊமை இருட்டாக இருக்கும், நிஜ இழை மட்டும் ஒளிரும். இதைக் கண்டுபிடித்து வைத்தவளே அவள்தான். இரண்டு நாளாக அதைக் கையில் எடுக்காமல் மேஜையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டுப் பார்த்தார்கள். ஊமை இருட்டாக இருந்தது.

"அப்ப ஒளிர்றது பொய்யில்ல," என்றாள் தட்டு டாக்டர். "மூக்கைக் காட்டு."

"எதுக்கு?"

"எதுக்கா? உன் மூக்கு அழகா இருக்குன்னு ஃபோட்டோ எடுக்கப் போறேன். காட்டுன்னா காட்டு."

அவள் பஞ்சை விட்டு எடுத்துத் தன் தட்டில் தடவினாள். வியாழக்கிழமை காலையில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை. தட்டு முழுக்க ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள், மருந்து கலந்த தட்டிலேயே கொழுத்து வளர்ந்திருந்தன.

"நீதான்," என்றாள். "குழாய் சரியாத்தான் சொல்லியிருக்கு. உன் உடம்புக்கு ஒண்ணுமில்ல, மூக்குல சும்மா குடியிருக்கு, களிம்பு போட்டாப் போயிடும். ஆனா எங்கேருந்து வந்துச்சு? இங்கேருந்து வந்திருக்காது. நீ தொடறதெல்லாம் நான் கொதிக்க வெச்சுக் கொன்னு அனுப்பினது. யாரத் தொட்ட?"

"யாரையும் தொடல."

"யோசிச்சு சொல்லு. கட்டிப்பிடிச்சது, ஒரே தலையணை, ஒரே சீப்பு, குழந்தைக்கு முத்தம் குடுத்தது, புண்ணுக்குக் கட்டுப் போட்டது."

அவள் உண்மையிலேயே யோசித்தாள். அன்றைய நாளை யோசித்தாள், அதற்கு முந்தைய வாரத்தை யோசித்தாள். கடைக்காரர் பாக்கியை மேஜையில் வைத்துவிடுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது உட்கார்ந்தால் பையை நடுவில் வைத்துக்கொள்வாள். பிறந்தநாளுக்கு ஆபீசில் கேக் வெட்டியபோது எல்லோரும் கைகொடுக்க வந்தார்கள், கையுறையோடு கொடுத்தாள். ஒரு மனுஷனின் தோல் தன் தோலில் கடைசியாக எப்போது பட்டது என்று தேடினால் அண்ணி படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டில்வரை போக வேண்டியிருந்தது. தட்டு டாக்டர் காத்துக்கொண்டிருந்தாள். சோப்பு டாக்டருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பரீட்சையில் எல்லோருக்கும் தெரிந்த கேள்விக்கு விடை தெரியாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

"யாருமில்ல," என்றாள்.

"வீட்ல?"

"வீட்லயும் யாருமில்ல."

தட்டு டாக்டர் எதையோ சொல்ல வாயெடுத்து, டீயைக் குடித்துவிட்டாள். அவள் வாயை அடைத்த பெருமை அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் கிடையாது.

சாயங்காலம் சோப்பு டாக்டர் வழக்கம்போலக் கேட்டைத் திறந்தாள். சோப்புப் போட்டாள், முகம் கழுவினாள், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். துண்டு கையில் பட்டது. முகத்துக்குக் கொண்டுபோகும் வழியில் கை நின்றது.

கண்ணைத் திறந்து முதல்தடவையாக அந்தத் துண்டைப் பார்த்தாள். நாலு மூலையும் ஒன்றாகச் சேர்த்து மடித்திருந்தது. ஓரம் பிரிந்த இடத்தில் யாரோ கறுப்பு நூலால் முரட்டுத் தையல் போட்டிருந்தார்கள். வெள்ளைத் துண்டுக்குக் கறுப்பு நூல்.

எதிர்வீட்டு மாடியில் ஆள் இருந்தது. இல்லாமல் எங்கே போகும். சோப்பு டாக்டர் ஈர முகத்தோடு நடுத்தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். அவள் அப்படி வந்தது இதுதான் முதல்முறை என்பதால் எதிர்வீட்டு அம்மாள் பயந்து எழுந்தே விட்டாள்.

"ஏங்க, எங்க வீட்டு வேலைக்காரம்மா எத்தனை மணிக்கு வந்து துண்டு மாத்தறாங்க? பாத்திருக்கீங்களா?"

"எந்த வேலைக்காரம்மா?"

"கீழ பெருக்கித் துடைக்கிறவங்க."

"அவ மக வீட்டோட போய் ரொம்ப நாளாச்சே டாக்டரம்மா. உங்களுக்குத் தெரியாதா?" ஒரு வீட்டுச் செய்தியை அந்த வீட்டுக்காரிக்கே சொல்லும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது, எதிர்வீட்டு அம்மாள் கைப்பிடிச் சுவரில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். "அவ இருக்கறப்பவும் துண்டெல்லாம் அவ மாட்டினதில்ல. உங்கண்ணன்தான். நீங்க வர்ற பஸ் அந்த முனையில திரும்பறப்பவே வருவாரு, துண்ட ஆணியில மாட்டுவாரு, உள்ள போயிடுவாரு. பஸ் சத்தம் அவருக்குத் தெரியாதா பின்ன, அதுலயே கெடந்தவரு. நானும் நெனச்சுக்குவேன், பேசமாட்டாங்களாம், துண்டு மட்டும் மாட்டுவாராம், இது என்ன கூத்துன்னு."

சோப்பு டாக்டர் கையிலிருந்த துண்டின் கறுப்புத் தையலைப் பார்த்தாள்.

"இப்ப கொஞ்ச நாளா பாவம் நொண்டி நொண்டி வர்றாரு. கால்ல பெரிய கட்டு. அந்த பேசின்லதான் சாயங்காலம் நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி காலைக் கழுவிக் கட்டை மாத்தறாரு, அப்புறம் அதே கையோட துண்டை எடுத்து... ஏங்க, ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

புண், கை, துண்டு, மூக்கு என்று அவளுக்குக் கணக்கு சேர்ந்துவிட்டது. திரும்பி வந்து அண்ணன் கதவின் முன்னால் நின்றாள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கதவைத் தட்டக் கை போனது, தட்டாமல் பக்கத்தில் போன இரும்புக் குழாயில் சாவியால் தட்டினாள். டக், டக்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. இழுத்து இழுத்து வரும் காலடி. கதவு திறந்தது. அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் முடி எல்லாம் வெளுத்திருந்தது. மேலேயும் கீழேயும் இருந்துகொண்டு அதைக்கூட அவள் நெருங்கிப் பார்த்ததில்லை.

"தொட்டி நான் வழிய விடலையே," என்றார்.

"காலைக் காட்டுங்க."

"காலுக்கு என்ன."

"அண்ணா, காட்டுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டைப் பிரித்ததும் வாடை வந்தது. கட்டைவிரலைச் சுற்றிக் கறுத்து, புறங்கால் வரைக்கும் சிவந்து வீங்கி, அமுக்கினால் பள்ளம் விழுந்தது. சிவப்பு கணுக்காலை நோக்கி ஏற ஆரம்பித்திருந்தது. மேஜையில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரை அட்டைகள் கிடந்தன. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் அவர் செய்தித்தாளை இழுத்து அவற்றின் மேல் போட்டார், சிகரெட்டை மறைக்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"நேத்து சரியாயிடுச்சு. இன்னிக்குத்தான் மறுபடியும் கொஞ்சம்," என்றார்.

"ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? எதிர்வீட்டு அம்மாகிட்டயா? அதுக்குச் சொல்லாமலே தெரியும்."

அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும் பஞ்சுக் குச்சியை எடுத்தாள். புண்ணின் ஓரத்தில் மெதுவாகச் சுற்றினாள். அண்ணனின் கால் சூடாக இருந்தது. இன்னொரு கையால் குதிகாலைத் தாங்கிப் பிடித்திருந்தாள், கையுறை இல்லாமல்.

"இதுதான் உன் கத்தரிக்கோலா?"

அவருக்கு அது எப்படித் தெரியும் என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தெருவே சொல்லுது," என்றார். "அவளுக்கு அன்னிக்கு இது இருந்திருந்தா?"

பஞ்சைக் குழாயில் போட்டு மூடினாள். மூடி சரியாகத் திருகவில்லை, மறுபடியும் திருகினாள்.

"அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். சரியான மருந்து அன்னிக்கே ஏறியிருக்கும். தட்டு வளர்றதுக்குள்ள நாள் போயிடுச்சு, அதுவரைக்கும் தப்பான மருந்து ஏறிட்டிருந்துச்சு. உங்க மாத்திரைதான் காரணம்னு சொல்லவே முடியாது. எங்கேருந்து வேணா வந்திருக்கலாம், ஆஸ்பத்திரியிலருந்து கூட."

"இது எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

"அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சேதான் அத்தனை பேர் முன்னாடி சொன்ன."

"ஆமா."

அண்ணன் காலை அவள் கையிலிருந்து மெதுவாக எடுத்துத் தரையில் வைத்தார். கட்டைத் தானே மறுபடியும் சுற்றிக்கொண்டார். பிறகு, "செருப்ப எடு. போலாம்," என்றார். அவ்வளவுதான். அவர் மனதில் என்ன ஓடியது என்று கேட்டால் தெரு முழுக்க ஆளுக்கொரு பதில் சொல்லும். அவர் ஆட்டோவில் ஏறி அவளுக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்தார், நடுவில் பையை வைத்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் வழக்கமான மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். காலையில் தலைமை டாக்டர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது சோப்பு டாக்டர் இரண்டு குழாய்களோடு நின்றாள். ஒன்றில் அண்ணனின் கால் பஞ்சு. இன்னொன்றில் புது வெற்றுப் பஞ்சு, தட்டு டாக்டரின் மூக்கிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக ஒரு ஊமைக் குழாய் மேஜையில் இருந்தது. "என் மூக்கு சுத்தம்னு ஆஸ்பத்திரிக்கே இனிமே தெரிஞ்சிடும், வாய்தான் மோசம்," என்று சொல்லிவிட்டு அவள் பஞ்சைக் கொடுத்திருந்தாள். தலைமை டாக்டர் நீல விளக்கில் பார்த்தார். ஒன்று பச்சை, ஒன்று இருட்டு, ஊமைகள் இரண்டும் இருட்டு.

"இந்த வாரம் வெற்றுக் குழாய் ஒளிருதுன்னு கேள்விப்பட்டேனே. இது பொய் சொல்லும்னா நான் எப்படி இதை நம்பி மருந்தை மாத்தறது?"

"குழாய் பொய் சொல்லல டாக்டர். சுத்தம்னு சொன்னது நான்தான். அது என் மூக்கு. யார் வந்து என்னைத் தொடப்போறாங்கன்னு திரும்பப் பரிசோதிக்கவே இல்ல."

தட்டு டாக்டர் ஊதாப் புள்ளித் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். தலைமை டாக்டர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிக்க வந்தவர் எதனாலோ சிரிக்கவில்லை. வார்டுக்கு ஃபோன் போட்டு மருந்தை மாற்றச் சொன்னார். பிறகு அவளிடம், "உங்க மூக்கு சரியாகிற வரைக்கும் வார்டுப் பக்கம் வராதீங்க," என்றார். அது ஆஸ்பத்திரி விதி. அந்த விதியை எழுதிய குழுவில் அவளும் இருந்தாள்.

போகும்போது வார்டுக்குள் நுழையாமல், அண்ணனைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போனாள். தனி அறை. அவர் உள்ளிருந்து ஏதோ கேட்டார், கண்ணாடியில் கேட்கவில்லை. நர்ஸ் வந்து சொன்னாள். "என் தங்கச்சி இன்னொரு கத்தரி வெச்சிருக்காளாமே, கிருமிக்குள்ளேயே போய் அதோட கவசத்த வெட்டுறது, அத எனக்குப் போட்டுப் பாக்கட்டுமேன்னு கேக்கறாரு." அப்படி ஒன்று இருந்தது. கிருமி தன் கவசத்தைச் செய்வதற்குப் படிக்கும் செய்தியையே அறுத்துவிடும் இழை. அறுந்துவிட்டால் பழைய மருந்துக்கே கிருமி அடங்கும். ஆனால் அது இதுவரை கண்ணாடித் தட்டைத் தாண்டியதில்லை. "அது மனுஷங்களுக்கு இன்னும் வரலன்னு சொல்லுங்க," என்றாள். நர்ஸ் உள்ளே போய்ச் சொன்னாள். அண்ணன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினார். இவ்வளவு வருஷம் அப்படி என்னதான் பண்ணின என்று அர்த்தம்.

மறுநாள் சிவப்பு கணுக்காலோடு நின்றது. அதற்கு மறுநாள் கீழே இறங்க ஆரம்பித்தது. கட்டைவிரலைக் காப்பாற்ற முடியவில்லை, கால் தப்பியது. தட்டு டாக்டரின் தட்டும் குழாய் சொன்னதையே சொன்னது, வழக்கம்போலத் தாமதமாக. ஸ்கேன் பிரிவுக்காரர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு வேறு அறையைப் பார்க்கப் போனார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோப்பு டாக்டர் வீட்டுக்கு வந்தாள். பஸ் முனையில் திரும்பியபோது தன்னையறியாமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வாசலில் யாருமில்லை. கேட்டைத் திறந்தாள். மேலே போய் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கீழே வந்து முகம் கழுவினாள். வரிசை மாறிப்போனது அவளுக்கு உறைக்கவில்லை. ஆஸ்பத்திரி அழுக்கு அன்று முதல்முறையாக மாடி ஏறி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். விரலில் ஆணி மட்டும் பட்டது. சுவரைத் தடவிப் பார்த்தாள், கீழே விழுந்திருக்குமோ என்று குனிந்து தரையைத் தடவினாள். பிறகுதான் அது எப்படி விழும், யார் மாட்டினார்கள் என்று தோன்றியது.

நீர் சொட்டச் சொட்ட நின்றாள். மாடிக்குப் போனால் அலமாரியில் துண்டு இருக்கிறது. போகவில்லை. கீழ்வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கரண்டி, ஒரு நாற்காலி, செய்தித்தாளுக்கு அடியில் மாத்திரை அட்டைகள். அதற்கு மேல் அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

தொட்டி நிரம்பியது. தண்ணீர் வழிந்து அண்ணனின் ஜன்னலில் கொட்ட ஆரம்பித்தது. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். யாராவது குழாயைத் தட்ட வேண்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. தண்ணீர் ஜன்னலிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து தெருவுக்கு ஓடியது. எதிர்வீட்டு அம்மாள் கூப்பிட வாயைத் திறந்து, ஏனோ அன்று மட்டும் மூடிக்கொண்டாள்.

கைப்பையில் ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரி எண்.

"ஹலோ," என்றாள்.

பதில் இல்லை. மூச்சுவிடும் சத்தம், தூரத்தில் ஒரு டிராலி உருளும் சத்தம். பிறகு ஏதோ ஸ்பூனால் கட்டில் கம்பியில் தட்டுகிற மாதிரி. டக், டக்.

சாயங்காலம் எத்தனை மணிக்குத் தொட்டி நிரம்பும் என்று அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவள் ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டே மாடி ஏறி சுவிட்சை அணைத்தாள். தண்ணீர்ச் சத்தம் மெல்ல நின்றது. அந்தப் பக்கம் ஃபோனை வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் படியில் உட்கார்ந்திருந்தாள், முகம் தானாகவே காயும் வரை. தெருவில் இன்றைக்கும் கேட்பார்கள், அப்படி ஃபோனைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் என்னதான் பேசினார்கள் என்று.